பழைய புகைக்குழாய்களைச் சீர்செய்வது: எதைத் தொடலாம், எதை விட்டுவிட வேண்டும்?

உங்கள் கேள்வி இது: குடும்பப் பெரியவர் விட்டுச்சென்ற பெட்டியில் ஆறு பழைய புகைக்குழாய்கள் கிடைத்திருக்கின்றன. நான்கு மரத்தாலானவை, ஒன்று வெள்ளைக்கல் போன்றது, மற்றொன்று தண்டு முறிந்த களிமண் குழாய். மரக்குழாய்களின் உட்புறத்தில் கரி தடித்துப்போய், வாயில் வைக்கும் பகுதி பச்சையும் பழுப்புமாக நிறம் மாறியிருக்கிறது. இவற்றைச் சுத்தம் செய்யலாமா, செய்தால் மதிப்புக் கூடுமா குறையுமா, இவற்றையே தொடக்கமாகக் கொண்டு சேகரிக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

சுத்தம் செய்யலாம். ஆனால் ஆறில் இரண்டை ஏறக்குறைய அப்படியே விட்டுவிட வேண்டியிருக்கும். மற்ற நான்கிலும் எங்கே நிறுத்துவது என்று தெரிந்துகொண்ட பிறகே கை வைக்க வேண்டும். நான் இதுவரை பார்த்த பாழான குழாய்களில் பெரும்பாலானவற்றைப் பாழாக்கியது பாலிஷ் சக்கரம்தான். அவற்றில் ஒன்று என் கைவேலை. சேகரிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில், தண்டில் மங்கலான முத்திரை கொண்ட ஓர் ஆங்கிலேயக் குழாயைக் கண்ணாடிபோல் மின்னும் வரை சக்கரத்தில் பிடித்தேன். பிறகு அது எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று பார்க்க உருப்பெருக்கியை எடுத்தபோது, படிப்பதற்கு அங்கே எழுத்தே இல்லை.

ஆகவே முதல் வேலை, ஒவ்வொரு குழாயையும் எல்லாப் பக்கமும் ஒளிப்படம் எடுத்துவைப்பது. பகல் வெளிச்சத்தைச் சாய்வாக விழவைத்து முத்திரைகளைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிலில் புகையிலை நிரப்பும் பகுதியைக் கிண்ணம் என்றும், அதிலிருந்து நீளும் பகுதியைத் தண்டு என்றும், தண்டில் செருகப்படும் பகுதியை வாய்க்குழல் என்றும் குறிப்பிடுகிறேன்.

பொருளை அடையாளம் கண்டாலே காலத்தின் ஒரு எல்லை தெரிந்துவிடும். மரக்குழாய்கள் பெரும்பாலும் பிரையர் எனப்படும் மரத்தாலானவை. மத்தியதரைக் கடலைச் சுற்றிய வறண்ட மலைச்சரிவுகளில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்னும் செடியின் அடிப்பகுதியில், வேரும் தண்டும் சேரும் இடத்தில், முடிச்சுப்போல் பருத்துவரும் கட்டை அது. அந்தக் கட்டையை அறுத்து, பல மணி நேரம் நீரில் கொதிக்கவைத்துச் சாற்றை நீக்கி, பல மாதங்கள் உலர்த்திய பிறகே குழாயாகக் கடைவார்கள். நெருக்கமான இழையும் அதில் கலந்திருக்கும் சிலிக்காவும் சேர்ந்து நெருப்பைத் தாங்கும் தன்மையை அதற்குக் கொடுக்கின்றன. பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் உள்ள செயின்ட் குளோட் என்னும் ஊரில் 1850களில்தான் இந்தத் தொழில் வேரூன்றியது. எனவே பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரையர் குழாய் என்று யாராவது ஒன்றை நீட்டினால், விலை கேட்கும் சிரமம்கூட உங்களுக்கு வேண்டாம்.

வாய்க்குழலும் இதேபோல் சாட்சி சொல்லும். உங்கள் குழாய்களில் நிறம் மாறியிருப்பது வல்கனைட். எபொனைட் என்றும் சொல்வார்கள். பழைய பேனாப் பிரியர்களுக்கு இந்தப் பொருள் நன்கு பழக்கம். இயற்கை ரப்பரில் மிகுதியான கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டிப்படுத்தும் இம்முறைக்கு நெல்சன் குட்இயர் 1851இல் காப்புரிமை பெற்றார். ஆகவே அதற்கு முற்பட்ட குழாயில் வல்கனைட் வாய்க்குழல் இருந்தால், அது பிற்காலத்தில் மாற்றப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக் குழாய்கள் பலவற்றில் வாய்க்குழலின் நுனித் துளை வட்டமாக இருக்கும். இன்று நாம் காணும் கிடைக்கோடு போன்ற பிளவு பின்னால் பரவலானது. எலும்பில் செய்த திருகாணி கொண்டு வாய்க்குழலைத் தண்டோடு இணைத்திருந்தால், அதுவும் பழமையின் அடையாளமே.

இனி முத்திரைகள். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம், அந்நாட்டில் இறக்குமதியாகும் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று விதித்தது. அதனால் நாட்டின் பெயர் பொறித்த குழாய் பெரும்பாலும் அதற்குப் பிந்தியதாகவே இருக்கும். பெயர் இல்லை என்பதற்காக மட்டும் முந்தியது என்று முடிவுகட்டிவிட முடியாது. டப்ளின் நகரின் பீட்டர்சன் நிறுவனக் குழாய்களில் நாட்டின் அரசியல் வரலாறே பதிந்திருக்கிறது. ‘ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்’ என்று இருந்தால், அப்பெயரில் அந்த நாடு இருந்த 1922க்கும் 1937க்கும் இடைப்பட்ட காலத்தைச் சுட்டும். ‘ரிபப்ளிக் ஆஃப் அயர்லாந்து’ என்று இருந்தால் 1949க்கு முன் செய்திருக்க வாய்ப்பில்லை. ஈரத்தைத் தேக்கிவைக்கும் உள்ளறைக்கு 1890இலும், புகையை நாக்கின் மேல் பாய்ச்சாமல் அண்ணத்தை நோக்கித் திருப்பும் வாய்க்குழல் நுனிக்கு 1898இலும் அந்நிறுவனம் காப்புரிமை பெற்றது.

லண்டனின் டியூக் தெருவில் 1907இல் கடை திறந்த ஆல்பிரட் டன்ஹில்லின் குழாய்களைச் சேகரிப்போர் வாய்க்குழலின் வெண்புள்ளியை முதலில் தேடுவார்கள். ஆனால் காலத்தைச் சொல்வது அந்தப் புள்ளி இல்லை. 1920களிலிருந்து தண்டில் நாட்டின் பெயரை ஒட்டிப் பொறிக்கப்பட்ட சிற்றெண்ணே அதைச் சொல்லும். மணலை வேகமாக வீசி மென்மையான இழைகளை அரித்து, மேற்பரப்பைச் சிப்பிபோல் கரடுமுரடாக்கும் ‘ஷெல்’ வேலைப்பாட்டுக்கு அவர் பெயரில் 1917இல் காப்புரிமை பதிவானது. ஓர் எண் தேய்ந்துபோனால் அத்தகைய குழாயின் விலையில் பெரும்பகுதி அதோடு போய்விடும். முத்திரை உள்ள பகுதியைத் தொடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

வெள்ளி வளையம் இருந்தால் அது இன்னும் துல்லியமான சான்று. பிரிட்டிஷ் வெள்ளியில் நடக்கும் சிங்க முத்திரை 92.5 விழுக்காட்டுத் தூய்மையைக் குறிக்கும். நங்கூரம் பர்மிங்காம் நகரையும் சிறுத்தைத் தலை லண்டனையும் குறிக்கும். உடன் வரும் ஒற்றை எழுத்து ஆண்டைச் சொல்லும். ஆனால் வளையத்தின் ஆண்டைக் குழாயின் ஆண்டாக அப்படியே கொள்ள வேண்டாம். விரிசல் விட்ட தண்டை இறுக்கிப் பிடிக்கப் பிற்காலத்தில் வளையம் மாட்டுவது வழக்கம். வளையத்தின் அடியிலிருந்து முடிபோன்ற மெல்லிய விரிசல் எட்டிப்பார்க்கிறதா, தண்டின் முத்திரையில் பாதி எழுத்தை வளையம் விழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் அது பிற்காலப் பழுதுவேலை என்றே கொள்ளலாம்.

இப்போது மரக்குழாய்களின் சீர்வேலைக்கு வருவோம். குழாய் சூடாக இருக்கும்போது வாய்க்குழலைக் கழற்றக்கூடாது என்பது பழைய விதி. பல ஆண்டுகள் கழற்றாமல் கிடந்த குழாயில் ஆறிய நிலையிலும் அது அசையாது. உள்ளே படிந்த புகைப்பிசின் பசைபோல் இறுகியிருக்கும். மரக்குழாயை ஒரு பையில் சுற்றி உறைபெட்டியில் அரைமணி நேரம் வைத்தால், மரத்தைவிட வல்கனைட் அதிகமாகச் சுருங்குவதால் பிடி தளரும். பிறகு தண்டைக் கையில் பிடித்துக்கொண்டு (கிண்ணத்தைப் பிடித்தால் தண்டு முறியும்), நேர்கோடு விலகாமல் ஒரே திசையில் மெல்லத் திருகுங்கள். அப்போதும் வராவிட்டால், கிண்ணத்தின் வழியாகத் தண்டுக்குள் சில துளி ஆல்கஹால் விட்டு ஓர் இரவு வைத்து, மறுநாள் மீண்டும் முயலுங்கள். இந்தக் கட்டத்தில் பலரும் பொறுமை இழக்கிறார்கள். தண்டுகள் உடைவதும் இங்கேதான்.

கிண்ணத்தின் உள்ளே படிந்த கரியை முழுவதும் சுரண்டிவிட வேண்டும் என்பதில்லை. மெல்லிய கரிப்படலம் மரத்துக்குக் காப்பு. தடித்தால்தான் கேடு: சூட்டில் கரி ஒரு வகையில் விரிய, மரம் வேறு வகையில் விரிய, உள்ளிருந்து அழுத்தம் ஏறிக் கிண்ணம் பிளக்கும். ஒரு மில்லிமீட்டர் அளவு விட்டு மற்றதை நீக்கினால் போதும். அதற்கான திருகு கத்திகள் உண்டு. இல்லாவிட்டால் கிண்ணத்தைவிடச் சற்று மெலிந்த உருளைக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றிச் சுழற்றலாம். பேனாக்கத்தி மட்டும் வேண்டாம். அது கிண்ணத்தின் அடியில் கூம்பாகக் குடைந்துவிடும், விளிம்பிலும் வெட்டுக்காயம் விடும். கரி குறைந்த பிறகு உட்சுவரைச் சிறு விளக்கால் பாருங்கள். சிலந்தி வலைபோல் நுண்கீறல்கள் இருந்தால் கவலை இல்லை. வெளிப்புறத்தில் கருநிழல் தெரிந்து, அதே இடத்தில் உட்புறம் மெதுமெதுப்பாக இருந்தால், மரம் எரியத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். அக்குழாயைக் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

புகைவழியைச் சுத்தம் செய்யப் பஞ்சு சுற்றிய கம்பியும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் போதும். கம்பி வெள்ளையாக வெளியே வரும் வரை தொடர வேண்டும். ஒரு குழாய்க்கு முப்பது கம்பிகள் செலவானாலும் வியப்பில்லை. பழைய புகையின் நாற்றம் அப்படியும் போகாவிட்டால், கிண்ணத்தில் பஞ்சை அடைத்து, விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை ஆல்கஹால் ஊற்றி ஓர் இரவு விட்டால், பிசின் பஞ்சுக்குள் ஏறிவரும். பஞ்சுக்குப் பதில் கல்லுப்பை நிரப்புவோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை: எஞ்சிய உப்பு தண்டுக்குள் தங்கி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எதைச் செய்தாலும் ஆல்கஹால் வெளிப்புறத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சாயங்களும் அரக்கு மெருகும் அதில் கரைந்துவிடும். ஒரு துளி வழிந்த தடம் ஆயுள் முழுதும் நிற்கும். ஆல்கஹாலைக் கொதிக்கவைத்து ஆவியைக் குழாய்க்குள் செலுத்தும் முறையும் உண்டு. தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பதால் தொடக்கக்காரருக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

விளிம்பில் படிந்த கருந்தாரைக் கண்டதும் உப்புத்தாளில் கவிழ்த்துத் தேய்க்கும் ஆசை வரும். அப்படித் தேய்த்தால் கிண்ணத்தின் உயரம் குறைந்து, வடிவத்தின் அளவு விகிதமே மாறிவிடும். எச்சில் தொட்ட பஞ்சால் ஒரு மணி நேரம் பொறுமையாகத் துடைத்தாலே தார் பெரும்பாலும் இளகிவிடும். கேட்க அருவருப்பாக இருந்தாலும், உமிழ்நீரின் நொதிகள் அழுக்கைக் கரைப்பதால் ஓவியங்களைச் சுத்தம் செய்யும் வல்லுநர்களும் இதைக் கையாள்கிறார்கள். துடைக்கத் துடைக்கப் பஞ்சை மாற்றுங்கள். ஒரு முறை தாரில் பட்டதை வாய்க்குக் கொண்டுபோகாதீர்கள். வெளிப்பக்கத்துக்கு மென்மையான சோப்பு தொட்ட ஈரத்துணி போதும், உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். மரத்தில் அழுங்கல் இருந்தால், அந்த இடத்தில் ஈரத்துணியை வைத்துச் சூடான கத்தியின் தட்டைப்பக்கத்தால் அழுத்துங்கள்; நீராவி புகுந்து நசுங்கிய இழைகள் எழும்பும். முத்திரைக்கு அருகில் இதையும் செய்யக்கூடாது, ஏனென்றால் பொறித்த எழுத்தும் நசுங்கிய இழைதானே!

நீங்கள் குறிப்பிட்ட பச்சை நிறம், வல்கனைட்டில் உள்ள கந்தகம் ஒளி, ஈரம், காற்று ஆகியவற்றோடு வினைபுரிவதால் வருவது. கசப்புச் சுவையும் கந்தக நாற்றமும் அதனாலேயே. குளோரின் கலந்த வெளுப்பான் நிறத்தைச் சட்டென்று நீக்கினாலும், பரப்பைச் சிறுசிறு குழிகளாக அரித்துவிடும். குளோரின் இல்லாத சலவை வெளுப்பானான சோடியம் பெர்கார்பனேட் கலந்த வெதுவெதுப்பான நீரில் சில மணி நேரம் ஊறவைத்தால், நிறம் மாறிய மேற்படலம் மென்மையாகி மேலே வரும். நிறுவனச் சின்னம் இருக்கும் இடத்தில் முன்கூட்டியே வாசலின் பூசிவிடுங்கள். அதன் பிறகு 600, 1000, 2000 என்று எண் கூடக் கூட மென்மையாகும் நீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்), படிப்படியாக ஈரத்தோடு தேய்க்க வேண்டும். ஈரம் வழவழப்புக்காக மட்டுமில்லை; கந்தகத் தூள் மூச்சில் ஏறாமலும் அது தடுக்கும். முகமூடி அணிவது கட்டாயம்.

இந்தத் தேய்ப்பில் ஒரு நுட்பம் உண்டு. வாய்க்குழலைத் தனியே கழற்றி வைத்துத் தேய்த்தால், தண்டைத் தொடும் அதன் விளிம்பு உருண்டுவிடும். மீண்டும் பொருத்தும்போது இரண்டுக்கும் இடையில் ஒரு பள்ளம் தெரியும். மெல்லிய பிளாஸ்டிக் வளையம் ஒன்றை இடையில் செருகி, வாய்க்குழல் பொருந்திய நிலையிலேயே தேய்த்தால், மரமும் கீறாது, விளிம்பும் கூராகவே நிற்கும். நன்றாகச் சீர்செய்த குழாயையும் அவசரமாகச் சீர்செய்த குழாயையும் பிரித்துக் காட்ட எனக்கு இந்த ஒரு மூட்டுப் போதும்.

பல் தடங்களைத் தாளால் தேய்த்து மட்டமாக்குவதற்கு முன், சூட்டை முயன்று பாருங்கள். வல்கனைட் தன் பழைய வடிவத்தை ஓரளவு நினைவில் வைத்திருக்கும். கொதிநிலைக்குச் சற்றுக் கீழான நீரில் சில நிமிடம் பிடித்தால், ஆழமில்லாத தடங்கள் தாமே எழும்பும். அதே நினைவின் காரணமாக, வளைந்த வாய்க்குழல் நிமிரவும் பார்க்கும். ஆகவே துளைக்குள் ஒரு பஞ்சுக்கம்பியைச் செருகி வைத்து, தேவைப்பட்டால் சூடு ஆறுவதற்குள் மீண்டும் வளைத்து, குளிர்ந்த நீரில் பிடித்து நிலைப்படுத்துங்கள். எழாத ஆழத் தடங்களை, நொடியில் ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசையில் கரித்தூள் குழைத்து நிரப்பலாம். அக்ரிலிக் வாய்க்குழல்களுக்கு இந்த வெந்நீர் வைத்தியம் பலிக்காது.

கடைசியில் மெருகு. கார்னோபா என்னும் பனை இலை மெழுகு 80 பாகை செல்சியசுக்கு மேல்தான் உருகும் என்பதால் கையால் பூசுவது கடினம், சக்கரம் தேவைப்படும். சக்கரம் வேண்டாமென்றால், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உருவான நுண்படிக மெழுகு போன்ற ஒன்றைத் துணியில் தொட்டுத் தேய்க்கலாம். மணல் வீசிய கரடான பரப்புக்கும் முத்திரைப் பகுதிக்கும் நான் இதையே பயன்படுத்துகிறேன்.

உங்கள் வெள்ளைக்கல் குழாய் மீர்ஷாமாக இருக்கலாம். செபியோலைட் என்னும் நீரேற்ற மக்னீசியம் சிலிக்கேட் கனிமம் அது. மீர்ஷாம் என்பதற்கு ஜெர்மன் மொழியில் கடல்நுரை என்று பொருள். உலர்ந்த துண்டு நீரில் மிதக்கும் அளவுக்கு நுண்துளைகள் நிறைந்தது. துருக்கியின் எஸ்கிஷெஹிர் நகரைச் சுற்றித் தோண்டி எடுக்கப்பட்ட கல், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியன்னாவின் சிற்பிகள் கையில் தலைகளாகவும் வேட்டைக் காட்சிகளாகவும் உருப்பெற்றது. செதுக்கிய பின் தேன்மெழுகில் தோய்ப்பார்கள். ஆண்டுக்கணக்கில் புகை ஏற ஏற, மெழுகோடு கலந்த பிசின் அதற்குத் தேன்நிறமும் பிறகு செம்பழுப்பும் தரும். அந்த நிறத்தை அழுக்கென்று நினைத்து நீக்கியவர்கள் இருக்கிறார்கள். சேகரிப்போர் பணம் கொடுப்பதே அந்த நிறத்துக்குத்தான்.

மீர்ஷாமை ஊறவைக்கவோ, ஆல்கஹாலால் துடைக்கவோ, உறைபெட்டியில் வைக்கவோ கூடாது. உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். உள்ளே தளர்ந்த கரியை மட்டும் எடுங்கள். வாய்க்குழல் மஞ்சளாக இருந்தால், கல்லாய் இறுகிய பழைய மரப்பிசினான அம்பராக இருக்கக்கூடும். அது தனியே கழன்று வந்து, உலோகமோ எலும்போ ஒட்டாமல் இருந்தால், உப்பு மேலும் கரையாத அளவுக்குச் செறிந்த நீரில் போட்டுப் பார்க்கலாம்: அம்பர் மிதக்கும், பழைய வகைப் பிளாஸ்டிக்கான பேக்கலைட் மூழ்கும். தோல் போர்த்திய பழைய பெட்டி உடனிருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டாம். செய்தவரின் பெயர் பல நேரங்களில் அதன் உட்பட்டில் மட்டுமே அச்சிடப்பட்டிருக்கும். தந்தத்தாலான பாகங்கள் இருந்தால், விற்பதற்கோ எல்லை கடந்து அனுப்புவதற்கோ முன் சட்டத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தை நிறுத்த 1989இல் முடிவெடுக்கப்பட்டதிலிருந்து, பழம்பொருளுக்கும் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு.

முறிந்த களிமண் குழாய்தான் ஆறில் மலிவானதாக இருக்கும். எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவாகவே இருக்கும். புகையிலை விலையுயர்ந்திருந்த பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயக் களிமண் குழாய்களின் கிண்ணம் விரல்நுனி அளவே இருந்தது. விலை இறங்க இறங்கக் கிண்ணம் பெருத்தது. தண்டின் துளையோ எதிர்த்திசையில் போனது. ஜே. சி. ஹாரிங்டன் என்னும் அமெரிக்கத் தொல்லியலாளர், துளையிடும் கம்பிகளைச் செருகித் தண்டுகளை அளந்து, 1620 முதல் 1650 வரை ஓர் அங்குலத்தில் 64இல் 8 பங்காக இருந்த துளை, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 64இல் 4 பங்காகக் குறுகியதை 1954இல் வெளியிட்டார். தண்டுகள் நீண்டு மெலிந்ததற்கேற்ப உள்ளே செருகும் கம்பியும் மெலிந்தது என்பது பொருத்தமான விளக்கம். பெருந்தொகையான துண்டுகளுக்குப் பொருந்தும் இந்த அளவை ஒற்றைக் குழாய்க்கு ஆண்டு குறிக்கப் பயன்படுத்தக்கூடாது; அதற்குக் கிண்ணத்தின் வடிவமும் அடியிலுள்ள முத்திரையும்தான் உதவும். முறிந்த துண்டு உங்களிடம் இருந்தால், அசிட்டோனில் மீண்டும் கரையக்கூடிய பாராலாய்ட் பி-72 போன்ற பிசினால் ஒட்டுங்கள். சயனோஅக்ரிலேட்டைப் பிற்காலத்தில் எளிதில் பிரிக்க முடியாது.

சேகரிப்பைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும் வாங்காமல் ஒரே நிறுவனம், ஒரே வடிவம் அல்லது ஒரே காலம் என்று வரம்பு கட்டிக்கொண்டால் கண் விரைவில் பழகும். விரிசல் இல்லாத தண்டு, அசல் வாய்க்குழல், படிக்க முடிகிற முத்திரை ஆகிய மூன்றும் இருந்தால், கரியும் பச்சை நிறமும் எவ்வளவு மோசமாக இருந்தாலும் வாங்கலாம். புத்தம் புதிதாக மின்னும் பழைய குழாயை நான் இருமுறை யோசித்தே வாங்குவேன். இவற்றைப் புகைத்துப் பார்க்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. புகையிலையின் கேடு குழாயின் வயதால் குறைந்துவிடாது. என் அலமாரியில் உள்ளவற்றில் பலவும் நெருப்பைக் கண்டு பல பத்தாண்டுகள் ஆகின்றன.

சீர்செய்து முடித்தவற்றை வெயில் படும் கண்ணாடி அலமாரியில் அடுக்காதீர்கள். வல்கனைட் சில மாதங்களில் மீண்டும் பச்சையாகும். வெள்ளி வளையம் உள்ளவற்றை வல்கனைட்டோடு மூடிய பெட்டியில் நெடுநாள் வைத்தால், கசியும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். இருண்ட, காற்றோட்டமுள்ள இழுப்பறை நல்லது. ஒவ்வொரு குழாயின் அடியிலும் எங்கிருந்து வந்தது, யாருடையது, நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று எழுதிய சீட்டு ஒன்றை வையுங்கள். உங்கள் ஆறும் யார் கையில் இருந்தவை என்பது இப்போதைக்கு உங்கள் குடும்பத்தாருக்கு மட்டுமே தெரியும். தேய்க்கும் வேலையைத் தொடங்கும் முன் அந்தச் சீட்டுகளை எழுதிவிடுங்கள்.